எண்பது கடந்தவரின் சிறுநீரகம்: அறிக்கையைப் படிக்கவும் வீட்டில் பேணவும்

சதாபிஷேகம் முடிந்து ஆறு மாதம் கழித்து ஐயாவுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை. காரைக்குடி ஆய்வகத்து அறிக்கை வாட்ஸ்அப்பில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போகிறது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.3, அதற்கு எந்தக் குறியும் இல்லை. அடுத்த வரியில் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு எத்தனை மி.லி. வடிகட்டுகின்றன என்ற மதிப்பீடு) 55, தடித்த எழுத்தில் ‘குறைவு’. அன்றிரவே வீட்டில் பருப்பு நிற்கிறது, கீரை நிற்கிறது, தண்ணீரை அளந்து ஊற்றத் தொடங்குகிறார்கள். இரண்டு மாதத்தில் ஐயா மூன்று கிலோ இளைத்து, கட்டிலிலிருந்து எழத் தடுமாறுகிறார். சிறுநீரகம் செய்யாத கெடுதலைப் பயம் செய்துவிடுகிறது.

நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்களின் வீட்டாருக்காக இதை எழுதுகிறோம். ஏற்கெனவே சிறுநீரக நோய்க்கு மருத்துவம் பார்ப்பவர்களுக்கும், இதயம் பலவீனமாகித் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கும் இங்கே உள்ள அளவுகள் பொருந்தா. அவர்கள் தங்கள் மருத்துவர் சொன்ன அளவையே பின்பற்ற வேண்டும்.

வயதானால் உள்ளே என்ன நடக்கிறது

ஒரு சிறுநீரகத்தில் சராசரியாகப் பத்து லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டிகள், இருக்கும். பிறந்த பிறகு ஒன்றுகூடப் புதிதாக முளைப்பதில்லை. சிறுநீரகம் தானம் கொடுக்க முன்வந்த, எல்லாச் சோதனைகளிலும் தேறிய ஆரோக்கியமானவர்களை ஆராய்ந்து 2017இல் வெளியான கணக்கு இது: 18 முதல் 29 வயதுக்காரர்களுக்கு ஒரு சிறுநீரகத்தில் வேலை செய்யும் வடிகட்டிகள் சுமார் 9,90,000. 70 முதல் 75 வயதில் அது சுமார் 5,20,000. எந்த நோயும் இல்லாமலே பாதி போய்விடுகிறது. நாற்பதுக்கு மேல் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டமும் பத்தாண்டுக்குச் சுமார் 10 சதவீதம் குறைந்துகொண்டே வருகிறது.

எல்லாருக்கும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. அமெரிக்காவின் பால்டிமோரில் ஆரோக்கியமான 254 பேரை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து 1985இல் வெளியிட்ட ஆய்வில், நிமிடத்துக்கு வடிகட்டும் அளவு சராசரியாக ஆண்டுக்கு 0.75 மி.லி. குறைந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் குறையவே இல்லை. ஆகவே பக்கத்து வீட்டு ஐயாவின் எண்ணோடு உங்கள் ஐயாவின் எண்ணை ஒப்பிட வேண்டாம். அவருடைய எண்ணை அவருடைய போன வருட எண்ணோடு ஒப்பிடுங்கள்.

கணக்கெழுதிப் பழகிய ஊருக்கு இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வரவு செலவு அன்றாடம் சரியாகவே ஓடுகிறது, கையிருப்புதான் கரைந்திருக்கிறது. சாதாரண நாளில் ஒரு குறையும் தெரியாது. இரண்டு நாள் வயிற்றுப்போக்கு, ஐந்து நாள் வலி மாத்திரை, சித்திரை வெயிலில் ஒரு நீண்ட சடங்கு என்று எதிர்பாராத செலவு வந்தால் எடுத்துக் கொடுக்க ஒன்றும் இருக்காது.

வடிகட்டும் வேகத்தைத் தவிர இன்னும் சில திறன்களும் மங்குகின்றன. வீட்டில் பார்ப்பவர்களுக்கு இவைதான் முக்கியம். தண்ணீர் குறைந்தால் சிறுநீரைக் கெட்டியாக்கித் தண்ணீரை மிச்சம் பிடிக்கும் திறன் குறைகிறது. இளைஞர் உடல் சிறுநீரைச் சுமார் 1,100 மில்லியாஸ்மோல் வரை கெட்டியாக்கும். அறுபது, எழுபது வயதிலேயே அது 900க்கும் கீழே வந்துவிடும். அதனால் உடல் வற்றிக்கொண்டிருக்கும்போதும் சிறுநீர் வெளிர் நிறமாகவே போகலாம். ‘மஞ்சளாகப் போகவில்லையே, தண்ணீர் போதும்’ என்ற கணக்கு இந்த வயதில் ஏமாற்றும். மறுபக்கம், மிதமிஞ்சிக் குடித்த தண்ணீரை வேகமாக வெளியேற்றவும் முடியாது. உப்பைக் குறைத்தால், சிறுநீரில் உப்புப் போவதை நிறுத்த இளைஞரின் சிறுநீரகத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். பொட்டாசியத்தை வெளியேற்றத் தூண்டும் ஆல்டோஸ்டிரோன் சுரப்பும் குறைகிறது. இவற்றோடு தாகமும் மங்கிப்போகிறது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாமல் இருந்த பிறகும் எழுபதை ஒட்டிய ஆரோக்கியமான ஆண்கள் இளைஞர்களைவிடக் குறைவாகவே தாகம் உணர்ந்தார்கள் என்று 1984இலேயே பதிவாகியிருக்கிறது.

சோதனைக்கு முன்பு

தவறான நாளில் எடுத்த ரத்தம்தான் பாதிப் பயத்துக்குக் காரணம். முந்தைய இரவு ஆட்டுக்கறியோ நாட்டுக்கோழியோ வேண்டாம். சமைத்த இறைச்சியில் உள்ள கிரியேட்டினின் ரத்தத்தில் சேர்ந்து சில மணி நேரம் எண்ணை ஏற்றிக் காட்டும். சர்க்கரைக்காக வெறும் வயிற்றில் போனாலும் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போகலாம், அதனால் சர்க்கரை அளவு மாறாது. காய்ச்சல், பேதி, சிறுநீர்த் தொற்று வந்து தேறிய இரண்டு வாரத்துக்குள் எடுத்தால் அந்த எண் நோயின் எண்ணாகத்தான் இருக்கும், அவசரம் இல்லையென்றால் தள்ளிப்போடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்தில் எடுங்கள். கிரியேட்டினினை அளக்கும் முறைகள் வேறுபடுவதால் இரண்டு ஆய்வகங்களுக்கிடையே 0.1 அல்லது 0.2 வித்தியாசம் வருவது சாதாரணம்.

ரத்தத்தோடு காலை முதல் சிறுநீரையும் கொடுத்து, ஆல்புமின் – கிரியேட்டினின் விகிதம் கேளுங்கள். ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிகிறதா என்று அது காட்டும். ‘ஏசிஆர்’ என்றால் ஆய்வகத்தில் தெரியும். நம் பக்கம் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் வயதின் தேய்மானத்தையும் நோயையும் பிரித்துக் காட்டும் ஒரே எளிய சோதனை இதுதான்.

எண்களைப் படிப்பது

கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. வயதாக ஆகத் தசை கரைகிறது, கிரியேட்டினின் உற்பத்தியும் குறைகிறது. வடிகட்டியும் குறைந்து, வடிகட்ட வேண்டியதும் குறைந்தால் ரத்தத்தில் எண் அப்படியே நிற்கும். அதனால் 0.9 என்ற ஒரே எண்ணுக்கு முப்பது வயதில் ஒரு பொருள், எண்பத்தெட்டில் வேறு பொருள்.

88 வயது அப்பத்தா, எடை 42 கிலோ, கிரியேட்டினின் 0.9 என்று வைத்துக்கொள்வோம். 2021இல் திருத்திய சிகேடி–எபி சூத்திரப்படி ஆய்வகம் தரும் இஜிஎஃப்ஆர் சுமார் 61. அதே 0.9 இருக்கும் முப்பது வயதுப் பேத்திக்கு இது 88. ஆனால் இந்த 61, 1.73 சதுர மீட்டர் பரப்புள்ள உடலுக்குச் சமன்படுத்திய எண். அப்பத்தாவின் உயரம் 148 செ.மீ. என்றால் உடல் பரப்பு 1.3 சதுர மீட்டர்தான். அவர் சிறுநீரகங்கள் உண்மையில் வடிகட்டுவது நிமிடத்துக்கு 47 மி.லி. அளவில் இருக்கும்.

இனி மருந்து அளவுக்காகப் பல மருத்துவர்கள் போடும் பழைய கணக்கு. 1976இல் காக்ராஃப்டும் கால்ட்டும் தந்தது. வீட்டிலேயே போடலாம்:

140இலிருந்து வயதைக் கழியுங்கள்: 140 − 88 = 52.
எடையால் பெருக்குங்கள்: 52 × 42 = 2,184.
கிரியேட்டினினை 72ஆல் பெருக்குங்கள்: 0.9 × 72 = 64.8.
முன்னதைப் பின்னதால் வகுங்கள்: 33.7.
பெண்ணானால் 0.85ஆல் பெருக்குங்கள்: சுமார் 29.

ஒரே ரத்தத்துக்கு 61, 47, 29 என்று மூன்று எண்கள். எதை நம்புவது? மிக முதியவர்களுக்குக் காக்ராஃப்ட்–கால்ட் கணக்கு உண்மையைவிடக் குறைத்தே காட்டும். மெலிந்து தசை கரைந்தவர்களுக்குக் கிரியேட்டினினை வைத்துப் போடும் இஜிஎஃப்ஆர் கூட்டிக் காட்டக்கூடும். நோய் உண்டா இல்லையா என்று பேசும்போது ஆய்வகத்தின் இஜிஎஃப்ஆரையும் ஏசிஆரையும் சேர்த்துப் பாருங்கள். சிறுநீரில் வெளியேறும் மருந்தை எழுதும்போது கீழே வந்த எண்ணையும் மருத்துவர் முன் வையுங்கள். எடையைச் சொல்லாமல் போனால் இந்தக் கணக்கை யாரும் போட முடியாது. இரண்டுக்கும் நடுவில் பெரிய முடிவு எடுக்க வேண்டியிருந்தால் சிஸ்டாட்டின்–சி சோதனையைக் கேட்கலாம். அது தசையை அவ்வளவாகச் சார்ந்ததில்லை. தைராய்டுக் கோளாறும் ஸ்டீராய்டு மருந்தும் அதை மாற்றும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இஜிஎஃப்ஆர் 60க்குக் கீழே மூன்று மாதத்துக்கு மேல் இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்பது உலக வரையறை. இருபது வயதுக்கும் தொண்ணூறு வயதுக்கும் ஒரே கோடு போடுவது சரியா என்று சிறுநீரக மருத்துவர்களுக்குள்ளேயே நீண்ட விவாதம் உண்டு. அறுபத்தைந்துக்கு மேல் 45ஐக் கோடாக வைக்கலாம் என்பது ஒரு தரப்பு. எங்களுக்கு அந்தத் தரப்பே நியாயமாகப் படுகிறது. 85 வயதில் இஜிஎஃப்ஆர் 45க்கும் 60க்கும் நடுவில், ஏசிஆர் 30க்குக் கீழ், சிறுநீரில் ரத்தம் இல்லை, ஆண்டுக்கு ஒன்றிரண்டுக்கு மேல் குறையவில்லை என்றால், அதை வயதுக்கு உரிய சிறுநீரகம் என்றே எடுத்துக்கொண்டு ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டியது எப்போது? ஏசிஆர் 300ஐத் தாண்டினால், இஜிஎஃப்ஆர் 30க்குக் கீழே போனால், ஓராண்டுக்குள் 5க்கு மேல் சரிந்தால், பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினால். ஏசிஆர் 30க்கும் 300க்கும் நடுவில் வந்தால் பதற வேண்டாம், மூன்று மாதத்துக்குள் இன்னும் இரண்டு முறை எடுத்து உறுதிசெய்யுங்கள். காய்ச்சலும் சிறுநீர்த் தொற்றும்கூட அதைத் தற்காலிகமாக ஏற்றும்.

யூரியா எண்ணையும் ஒரு பார்வை பாருங்கள். யூரியா கிரியேட்டினினைப் போல நாற்பது மடங்குக்கு மேல் இருந்தால் (உதாரணமாக யூரியா 60, கிரியேட்டினின் 1.2 என்றால் 50 மடங்கு) முதலில் சந்தேகிக்க வேண்டியது உடலில் நீர் வற்றியதை. தண்ணீர் கொடுத்து ஒரு வாரத்தில் திரும்ப எடுங்கள். மலம் கறுப்பாகப் போனால் குடலில் ரத்தக் கசிவாக இருக்கலாம், அதற்கு அன்றே மருத்துவமனை.

ஸ்கேன் அறிக்கையில் வரும் சொற்கள் பயமுறுத்தும். எண்பதைத் தாண்டியவர்க்குச் சிறுநீரகம் 9 செ.மீ. நீளத்துக்குச் சுருங்கியிருப்பதும், மேற்புறணி மெலிந்திருப்பதும், ஒன்றிரண்டு ‘சிம்பிள் சிஸ்ட்’ இருப்பதும் மிகச் சாதாரணம். இரண்டு சிறுநீரகங்களுக்கும் இடையே ஒன்றரை செ.மீ.க்கு மேல் வித்தியாசம், சிறுநீர்ப் பாதை வீக்கம், சிறுநீர் கழித்த பின்னும் பையில் நிறையத் தேங்கி நிற்பது, இவைதான் கேட்டுத் தெளிய வேண்டியவை.

தண்ணீர்: எங்கே தவறுகிறது

செட்டிநாட்டு வீட்டின் அமைப்பே இங்கே ஒரு காரணம். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு கடந்து பின்கட்டில் இருக்கிறது கழிப்பறை. இரவில் படுக்கையிலிருந்து அங்கே போக நிலைப்படிகள் தாண்ட வேண்டும், ஈரமானால் ஆத்தங்குடிக் கல் வழுக்கும். வயதானால் இரவில்தான் சிறுநீரும் உப்பும் அதிகம் வெளியேறும், இரண்டு மூன்று முறை எழ வேண்டியிருக்கும். விழுந்து இடுப்பு உடைவதைவிடத் தாகத்தோடு கிடப்பது மேல் என்று ஆயா தாமே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார். ‘இனிமே தண்ணி வேணாம் ஆத்தா, ராத்திரி எந்திரிக்க முடியாது’ என்று மூன்று மணிக்கே டம்ளரைக் கவிழ்த்துவிடுவார். இதற்கு அறிவுரை உதவாது. கட்டிலுக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலி, ஆணுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் யூரின் கேன், நிலைப்படிகள் தெரியும்படி சிறிய இரவு விளக்கு. இந்த மூன்றையும் செய்து கொடுத்துவிட்டுத் தண்ணீரைப் பற்றிப் பேசுங்கள்.

அளவு என்ன? குடிப்பது எல்லாம் சேர்த்துப் பெண்ணுக்கு நாளுக்கு 1.6 லிட்டர், ஆணுக்கு 2 லிட்டர் என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். நாற்பது கிலோ உடலுக்கு இங்கே ஒன்றரை முதல் 1.6 லிட்டர் போதும். பங்குனி முதல் அக்னி நட்சத்திரம் முடியும்வரை இரண்டு டம்ளர் கூட்டுங்கள். வீட்டு டம்ளர் எத்தனை மி.லி. பிடிக்கிறது என்று ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் கணக்குத் தப்பாது. ஒரு நாளை இப்படிப் பிரிக்கலாம்: எழுந்ததும் வெந்நீர் 150, காபி 100, காலைப் பலகாரத்தோடு 150, பத்தரை மணிக்கு மோர் 200, மதியம் சாப்பாட்டோடு தண்ணீர் 200, ரசம் 100, மூன்று மணிக்குத் தண்ணீர் 200, நாலரைக்குக் காபி 100, ஆறு மணிக்குத் தண்ணீர் 200, இரவுப் பலகாரத்தோடு 100, மாத்திரைக்கு 100. கூட்டினால் 1,600. பெரும்பகுதி ஆறு மணிக்குள் உள்ளே போய்விடுவதால் இரவு எழுவதும் குறையும். நீராகாரமும் மண்டியும் இந்தக் கணக்கில் சேரும். தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்று விடாதீர்கள். மணி பார்த்துக் கையில் கொடுக்க வேண்டும்.

காலையில் வெறும் வயிற்றில் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் குடிக்கும் ‘தண்ணீர் வைத்தியம்’ இந்த வயதில் கூடாது. வெளியேற்ற முடியாத தண்ணீர் ரத்தத்தில் சோடியத்தைக் கரைத்துவிடும். 135க்கும் 145க்கும் நடுவில் இருக்க வேண்டிய சோடியம் 125க்கு வந்தால் நடை தள்ளாடும், பேச்சு குழறும், பேரன் பெயர் மறக்கும். மறதி நோய் வந்துவிட்டது என்று நினைத்து மருத்துவர் மருத்துவராக அலைந்து, கடைசியில் சோடியம் என்று தெரிகிற வீடுகள் உண்டு.

நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்கத் தோலைக் கிள்ளிப் பார்ப்பது இந்த வயதில் பயன்படாது, தோலே தளர்ந்திருக்கும். எடைதான் நம்பகமானது. காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன், ஒரே தராசில், வாரம் ஒருமுறை எடையைக் குறியுங்கள். இரண்டு நாளில் ஒரு கிலோ இறங்கினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் போயிருக்கிறது. அடுத்தது, உட்கார்ந்தபடி ரத்த அழுத்தம் பார்த்து, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் திரும்பப் பாருங்கள். மேல் எண் 20க்கு மேல் இறங்கினால் நீர் குறைந்திருக்கலாம், அல்லது மாத்திரை கூடியிருக்கலாம்.

பீமரத சாந்தி, சதாபிஷேக நாள்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. விடியற்காலையில் எழுந்து, விரதமாக, ஹோமப் புகையில் மூன்று நான்கு மணி நேரம், பிறகு கலச நீர் அபிஷேகம், பிறகு நூற்றுக்கணக்கானவர்க்கு ஆசீர்வாதம். எல்லாரும் சாப்பிட்டார்களா என்று கேட்பவரை யாரும் கேட்பதில்லை. சாஸ்திரிகளிடம் முன்பே சொல்லி, மணிக்கு ஒருமுறை 100 மி.லி. பாலோ மோரோ கொடுக்க ஒரு ஆளை நியமித்துவிடுங்கள். காலையில் சாப்பிடும் ‘நீர் மாத்திரை’ (சிறுநீரைக் கூட்டி வெளியேற்றுவது) அன்று எப்போது, வேண்டுமா என்பதை முந்தைய வாரமே மருத்துவரிடம் கேட்டு வையுங்கள்.

உப்பும் சாப்பாடும்

ஆரோக்கியமான முதியவர்க்குப் பருப்பையும் முட்டையையும் நிறுத்துவது தவறு. கிலோ எடைக்கு ஒரு கிராம் புரதம் வேண்டும். 42 கிலோ அப்பத்தாவுக்கு நாளுக்கு 42 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, ஒரு கைப்பிடிப் பருப்பில் (30 கிராம்) 7, நல்ல ஒரு மீன் துண்டில் 15 என்று எண்ணிப் பார்த்தால் பெரும்பாலான வீடுகளில் பாதிகூடத் தேறாது. உளுந்தும் பாசிப்பருப்பும் சேர்ந்த கும்மாயம் பல் இல்லாதவர்க்கும் இறங்கும்.

உப்பு நாளுக்கு 5 கிராம், அதாவது தலைதட்டி ஒரு தேக்கரண்டி. குழம்பில் உப்பை அடியோடு எடுத்துவிட்டால் சாப்பாடே இறங்காது. சிறுநீரகமும் உப்பைப் பிடித்துவைக்கத் தடுமாறுவதால் சோடியம் சரியும். ஊறுகாய், மோர் மிளகாய், வத்தல், அப்பளம், கருவாடு, உப்புக்கண்டம் இவற்றை வாரத்துக்கு ஒருமுறை என்று சுருக்குங்கள், குழம்பு குழம்பாகவே இருக்கட்டும். கடையில் விற்கும் ‘லோ சோடியம்’ உப்பு இந்த வயதில் ஆபத்தானது. சோடியத்தில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு அவர்கள் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. பொட்டாசியத்தை உடலில் தேக்கும் ரத்த அழுத்த, இதய மாத்திரைகளான டெல்மிசார்டன், லோசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவர்க்கு அது இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். இளநீரும் பொட்டாசியம் நிறைந்ததே. இந்த மாத்திரைகள் சாப்பிடாதவர்க்கு வாரம் இரண்டு மூன்று இளநீர் தாராளமாகத் தரலாம். சாப்பிடுபவர்க்குப் பொட்டாசியத்தைப் பார்த்துவிட்டுத் தரலாம்.

மருந்துகள்

நன்றாக இருந்த முதிய சிறுநீரகம் திடீரென்று கெடுவதற்குப் பெரும்பாலும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மூட்டு வலி மாத்திரை காரணமாக இருக்கும். டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், இபுப்ரூஃபன், நிமெசுலைடு, எட்டோரிகாக்சிப் எல்லாம் ஒரே குடும்பம். வடிகட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் குழாயைத் திறந்து வைப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். இந்த மாத்திரைகள் அதைத்தான் தடுக்கின்றன. இளைஞருக்கு அது இல்லாமலும் ஓடும், கையிருப்பு கரைந்தவருக்கு ஓடாது. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் வகை, கூடவே நீர் மாத்திரை, அதன்மேல் வலி மாத்திரை என்று மூன்றும் சேர்ந்தால் முதல் மாத்திரை குழாயின் மறுமுனையைத் தளர்த்துகிறது, இரண்டாவது நீரை வற்றவைக்கிறது, மூன்றாவது வரும் வழியை இறுக்குகிறது. வடிகட்டியில் அழுத்தமே இராது. வலிக்குப் பாராசிட்டமால் போதும். மெலிந்த முதியவர்க்கு 500 மி.கி. ஆறு மணிக்கு ஒருமுறை, நாளுக்கு 2 கிராமைத் தாண்டாமல். மூட்டில் தடவும் மருந்தில் உடலுக்குள் போவது மிகக் குறைவு.

சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் அளவைக் குறைக்க வேண்டியவை பல. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் இஜிஎஃப்ஆர் 45க்குக் கீழே பாதி, 30க்குக் கீழே கூடாது. கால் எரிச்சலுக்குத் தரும் பிரிகாபலின், காபாபென்டின் தேங்கினால் பகலெல்லாம் தூக்கம், எழுந்தால் விழுதல். இதயத்துக்குத் தரும் டிகாக்சின் தேங்கினால் முதலில் பசி போகும், குமட்டும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் அட்டினலால் தேங்கினால் நாடி மெதுவாகும். சர்க்கரை மாத்திரையான கிளிபென்கிளமைடு தேங்கினால் விடிகாலையில் சர்க்கரை அபாயமாக இறங்கும், இந்த வயதில் அது வேண்டவே வேண்டாம். அமிகாசின், ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசிகளை எண்பதுக்கு மேல் யாரேனும் எழுதினால் கிரியேட்டினின் பார்த்தார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

புரோஸ்டேட் வீங்கியிருக்கும் ஐயாவுக்குச் சளி மாத்திரைகூட வினையாகலாம். குளோர்ஃபெனிரமின் சேர்ந்த மாத்திரை சிறுநீரை அடைத்துவிடும். மலச்சிக்கலும் அப்படியே.

நாட்டு மருந்தில் இரண்டு விஷயம். ஆடுதீண்டாப்பாளையிலும் ஈசுவரமூலியிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. சிறுநீரகத்தைத் தழும்பாக்குவதும் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோய் உண்டாக்குவதும் உறுதிப்பட்ட பொருள் அது. பெயர் ஒட்டாத பொட்டலத்தில் வரும் பற்பம், செந்தூரத்தில் பாதரசமும் ஈயமும் இருக்கலாம். ‘கிட்னிக்கு நல்லது’ என்று யார் அன்போடு கொடுத்தாலும் வாங்கி வைத்துவிடுங்கள், கொடுக்காதீர்கள்.

சிறுநீர்ச் சோதனையில் சீழ் அணுக்களோ கிருமியோ இருந்தால் உடனே ஆன்டிபயாட்டிக் என்பதும் சரியல்ல. மூதாட்டிகள் பலருக்கு எந்தத் தொல்லையும் இல்லாமல் கிருமி இருந்துகொண்டே இருக்கும். எரிச்சல், காய்ச்சல், அடிவயிற்று வலி இல்லையென்றால் பொதுவாக மருந்து தேவையில்லை.

பேதியோ வாந்தியோ வந்த நாளில்

ஓஆர்எஸ் பொட்டலம் இரண்டு எப்போதும் வீட்டில் இருக்கட்டும். 20.5 கிராம் பெரிய பொட்டலம் முழுவதையும் ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் டம்ளரில் கரைத்தால் உப்பு கூடிப்போகும். பொட்டலம் இல்லாத இரவில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டி ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஐந்து நிமிடத்துக்கு இரண்டு வாய் வீதம் கொடுங்கள், ஒரே மூச்சில் கொடுத்தால் திரும்ப வாந்தி வரும். ஒவ்வொரு பேதிக்கும் 200 மி.லி. கணக்கு.

அன்று நிறுத்திவைக்க வேண்டியிருக்கும் மாத்திரைகள்: நீர் மாத்திரை, டெல்மிசார்டன், எனலாப்ரில் வகை, மெட்ஃபார்மின், சர்க்கரைக்குத் தரும் டாபாகிளிஃப்ளோசின் வகை, வலி மாத்திரை. நன்றாகச் சாப்பிடத் தொடங்கி ஒன்றிரண்டு நாளில் திரும்பத் தொடங்கலாம். இதை அன்றைய பதற்றத்தில் நீங்களாக முடிவுசெய்ய வேண்டியதில்லை. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போதே ‘பேதியான நாளில் எவற்றை நிறுத்த வேண்டும்’ என்று கேட்டு, அவர் கையாலேயே சீட்டில் எழுதி வாங்கி, மாத்திரைப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டிவையுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில், கூட இருப்பது சமையல்காரம்மாள் மட்டும் என்ற வீட்டுக்கு இந்த ஒரு சீட்டு பெரிய உதவி.

சிறுநீரையும் அளங்கள். மி.லி. கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை போதும். 42 கிலோ உடலுக்கு ஆறு மணி நேரத்தில் 125 மி.லி.க்குக் குறைவாகப் போனால் சிறுநீரகம் தவிக்கிறது. அதோடு மயக்கம், குழப்பமான பேச்சு, மூச்சு வாங்குதல், எது கொடுத்தாலும் வாந்தி என்று ஏதேனும் ஒன்று சேர்ந்தால் காலைவரை காத்திருக்க வேண்டாம். மதுரைக்கோ திருச்சிக்கோ இரண்டு மணி நேரம் ஆகும், ஆகவே முதலில் ஊரிலேயே சலைன் ஏற்றவும், சோடியம், பொட்டாசியம், கிரியேட்டினின் பார்க்கவும் வசதியுள்ள இடத்துக்குப் போங்கள். பழைய அறிக்கையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். 48 மணி நேரத்தில் கிரியேட்டினின் 0.3 ஏறினாலே அது திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு. 0.8இலிருந்து 1.2 ஆன அப்பத்தாவின் அறிக்கையில் எந்தச் சிவப்புக் குறியும் இராது, பழைய எண் தெரியாத மருத்துவர் ‘நார்மல்’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடும்.

இதற்காகத்தான் முகப்பில் காலண்டர் மாட்டிய ஆணியிலேயே ஒரு நோட்டையும் கட்டித் தொங்கவிடச் சொல்கிறோம். முதல் பக்கத்தில் வயது, எடை, உயரம், சாப்பிடும் மாத்திரைகள். அடுத்த பக்கத்திலிருந்து தேதி, கிரியேட்டினின், இஜிஎஃப்ஆர், ஏசிஆர், சோடியம், பொட்டாசியம், வார எடை. சாயம் போட்டு எடுக்கும் சிடி ஸ்கேனோ அறுவைச் சிகிச்சையோ என்று யார் சொன்னாலும் அந்த நோட்டை முதலில் நீட்டுங்கள்.